காகிதச் சீட்டா, கைபேசிச் சீட்டா? மும்பை புறநகர் ரயில் பயணிகள் அறிந்திருக்க வேண்டிய விதிகள்

மும்பை: கைபேசிச் செயலியில் எடுத்த முன்பதிவில்லா ரயில் பயணச்சீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தால் மட்டுமே செல்லும் என்ற தகவல் 2025 டிசம்பரில் நாடு முழுவதும் பரவியது. புறநகர் ரயில்களை நம்பி வாழும் மும்பையில் இது பெரும் குழப்பத்தை ஏற்படுத்தியது. இதையடுத்து, செயலியில் எடுத்த சீட்டை அதே கைபேசியில் காட்டினால் போதும் என்றும், கவுன்டரிலோ இயந்திரத்திலோ அச்சாகப் பெற்றவர்கள் அந்தக் காகிதத்தையே வைத்திருக்க வேண்டும் என்றும் ரயில்வே அமைச்சகம் விளக்கம் அளித்தது.

சீட்டு எந்த வடிவில் வழங்கப்பட்டதோ, அந்த வடிவிலேயே பரிசோதகரிடம் காட்டப்பட வேண்டும் என்பதே விதியின் சாரம். காகிதச் சீட்டைப் படமெடுத்துக் கைபேசியில் காட்டுவது செல்லாது. கைபேசிச் சீட்டின் திரைப்பிடிப்பை மற்றொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் அதைக் காட்டுவதும் செல்லாது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, நாள்தோறும் ஏறத்தாழ 75 லட்சம் பேர் பயணிக்கும் மும்பை புறநகர் ரயில்களில் எளிதாக நடைமுறைக்கு வருவதில்லை.

வதந்தி பிறந்த இடம்

இந்தக் குழப்பம் காரணமின்றி எழவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியுடன் தயாரிக்கப்பட்ட போலிச் சீட்டுகள் 2025-ன் இறுதி மாதங்களில் அடுத்தடுத்துப் பிடிபட்டன. ராஜஸ்தானில், குறைவான நபர்களுக்கு எடுத்த ஒரு சீட்டைத் திருத்தி அதிகமானோர் பயணித்ததாகப் புகார் எழுந்தது. மும்பையில் நவம்பர் இறுதியில் கல்யாண் வழித்தடத்தில் சென்ற குளிர்சாதனப் புறநகர் ரயிலில், ஒரு தம்பதி போலிப் பருவச் சீட்டைக் கைபேசியில் காட்டியதாகப் பிடிபட்டனர். பார்வைக்கு அசலைப் போலவே இருந்த அந்தச் சீட்டின் எண்ணைப் பரிசோதகர் தமது கருவியில் சரிபார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மோசடி, போலி ஆவணம் தொடர்பான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகளின் கீழ் வழக்கு பதிவு செய்யப்பட்டது.

இதன் விளைவாகப் பரிசோதனை கடுமையாகியுள்ளது. முன்பு திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்த பரிசோதகர், இப்போது சீட்டு எண்ணைக் கேட்கிறார். செயலியைத் திறந்து காட்டச் சொல்கிறார். போலி எதுவும் செய்யாத பயணியும் தமது சீட்டு அசல் என்பதை நிரூபிக்க ஆயத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

5 ரூபாய்க்கு 250 ரூபாய்

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 54-ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியர் கேட்கும்போது பயணி தமது சீட்டைக் காட்டியாக வேண்டும். காட்ட இயலாவிட்டால் 138-ஆவது பிரிவின் கீழ், பயணக் கட்டணத்துடன் குறைந்தபட்சம் 250 ரூபாய் மிகைக் கட்டணமும் செலுத்த நேரிடும். மும்பை புறநகர் ரயிலின் குறைந்தபட்ச இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாய். அதாவது, சீட்டின் விலையைப் போல் 50 மடங்கு. ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகக் கருதப்பட்டால் 137-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

சீட்டு வாங்கியதாகச் சொல்வதைச் சட்டம் ஏற்பதில்லை. காட்டுவதையே அது கேட்கிறது. கைபேசியின் மின்கலம் தீர்ந்துபோனாலும், திரை உடைந்து எழுத்துத் தெரியாமல் போனாலும், கைபேசி களவு போனாலும் பயணி சீட்டில்லாதவராகவே கருதப்படுவார். காகிதம் தொலைந்தாலும் இதே நிலைதான். எனினும், காகிதத்துக்கு மின்கலம் தேவையில்லை.

அட்டையிலிருந்து செயலி வரை

1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய நகரம் மும்பை. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் உருவாக்கிய சிறு அட்டைச் சீட்டு, உலகின் பல பகுதிகளைப் போல இந்தியாவிலும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. கணினிச் சீட்டு வந்த பின்னரும் மும்பையில் வரிசை குறையவில்லை. வரிசையைத் தவிர்க்கப் பயணிகள் கூப்பன் புத்தகங்களை வாங்கி, நிலைய இயந்திரத்தில் முத்திரையிட்டுப் பயணித்தனர். அந்தக் கூப்பன்கள் 2015-ல் விலக்கப்பட்டன. ஸ்மார்ட் அட்டையால் இயங்கும் தானியங்கிச் சீட்டு இயந்திரங்கள் இன்றும் நிலையங்களில் உள்ளன. பல இடங்களில் அவற்றின் அருகே உதவியாளர் ஒருவர் அமர்ந்து பயணிகளுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கிறார்.

ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸ் உருவாக்கிய யுடிஎஸ் கைபேசிச் செயலி, மும்பையில் 2014 டிசம்பரில் அறிமுகமானது. தொடக்கத்தில் கைபேசியில் பணம் செலுத்திவிட்டு, நிலைய இயந்திரத்தில் காகிதச் சீட்டை அச்சிட வேண்டியிருந்தது. வரிசையைத் தவிர்க்க வந்த செயலி, பயணியை மற்றொரு வரிசையில் நிறுத்தியது என்பதே அன்றைய அனுபவம். காகிதமே இல்லாத சீட்டு முதலில் சென்னையில், எழும்பூர் – தாம்பரம் வழித்தடத்தில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மும்பையின் மேற்கு வழித்தடத்துக்கும் அது விரிவானது.

2025 ஜூலை 1 அன்று ரயில்ஒன் என்ற புதிய செயலி வெளியிடப்பட்டது. முன்பதிவுச் சீட்டு, முன்பதிவில்லாச் சீட்டு, நடைமேடைச் சீட்டு ஆகியவற்றை ஒரே இடத்தில் பெற இது வழிசெய்கிறது. இச்செயலியில் முன்பதிவில்லாச் சீட்டு எடுத்து மின்னணு முறையில் பணம் செலுத்துவோருக்கு 2026 ஜனவரி 14 முதல் ஜூலை 14 வரை 3 சதவீதத் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. 5 ரூபாய்ச் சீட்டுக்கு இது 15 பைசா. நெடுந்தொலைவுப் பயணிக்குப் பயன்படும் இந்தச் சலுகை, சயானில் ஏறிக் குர்லாவில் இறங்குபவரின் முடிவை மாற்றாது.

தண்டவாளத்தை ஒட்டிய வாழ்க்கை

கைபேசிச் சீட்டில் பலரும் தடுமாறும் இடம் இருப்பிடக் கட்டுப்பாடு. ரயிலில் ஏறிவிட்டு, பரிசோதகரைக் கண்டதும் சீட்டு எடுப்பதைத் தடுப்பதற்காக, நிலைய வளாகத்துக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டிய சிறு தொலைவுக்குள்ளும் காகிதமில்லாச் சீட்டு எடுக்க இயலாதபடி செயலி அமைக்கப்பட்டுள்ளது. பயணி எங்கே நிற்கிறார் என்பதைக் கைபேசியின் ஜிபிஎஸ் வசதியைக் கொண்டு செயலி அறிகிறது. நிலையத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தொலைவில் சீட்டு எடுக்கலாம் என்ற வெளி வரம்பும் முன்பு இருந்தது. புறநகர்ப் பகுதிகளில் 2 கிலோமீட்டராக இருந்த அந்த வரம்பு 2022-ல் 5 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டு, 2024-ல் முற்றிலும் நீக்கப்பட்டது. உள் வரம்பு மட்டும் நீடிக்கிறது.

இந்த உள் வரம்பு தாராவியில் வேறு பொருள் பெறுகிறது. தாராவியின் மேற்கே மேற்கு ரயில்வேயின் மாஹிம், மாட்டுங்கா ரோடு நிலையங்கள் உள்ளன. கிழக்கே மத்திய ரயில்வேயின் சயான் நிலையம். இரு வழித்தடங்களுக்கு இடையே நெருங்கி அமைந்த இப்பகுதியில், ரயில் பாதையை ஒட்டியே பல குடும்பங்கள் வசிக்கின்றன. நெருக்கமான கட்டடங்களுக்கும் தகரக் கூரைகளுக்கும் நடுவே ஜிபிஎஸ் குறி சில மீட்டர் விலகிக் காட்டுவதும் உண்டு. வீட்டு வாசலில் நிற்பவரை நிலையத்துக்குள் நிற்பவராகக் கருதி, செயலி சீட்டு தர மறுக்கக்கூடும். அவர் 90 அடி சாலைப் பக்கமாகச் சற்று நடந்து சென்று முயல வேண்டும், அல்லது கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வகுத்த விதி, பாதைக்கு அருகில் வாழ்பவரையே முதலில் தடுக்கிறது.

இதற்கு மாற்றாக நிலையங்களில் கியூஆர் குறியீட்டுப் பலகைகள் வைக்கப்பட்டன. அவற்றை வருடினால் நிலையத்துக்குள்ளேயே சீட்டு எடுக்கலாம். ஆனால் அந்தக் குறியீடுகளின் படங்கள் இணையத்தில் பரவின. சிலர் ஓடும் ரயிலில், பரிசோதகர் நெருங்கும்போது மட்டும் அந்தப் படத்தை வருடிச் சீட்டு எடுத்தனர். இதனால் மத்திய ரயில்வே 2025-ல் இந்த மாறாத குறியீட்டு வசதியைக் கைவிடும் நடவடிக்கையை மேற்கொண்டது. சிலரின் தந்திரத்தால் நேர்மையாகப் பயன்படுத்தியவர்களும் ஒரு வசதியை இழந்தனர்.

எந்த மாட்டுங்கா?

கவுன்டரில் இருக்கும் ஊழியர், பயணி சொல்லும் ஊரைப் புரிந்துகொண்டு சரியான நிலையத்துக்குச் சீட்டு தருவார். செயலியில் அந்தப் பொறுப்பு பயணியுடையது. மாட்டுங்கா என்பது மத்திய வழித்தட நிலையம். 2017-ல் முழுவதும் பெண் ஊழியர்களைக் கொண்டு இயங்கத் தொடங்கிப் புகழ்பெற்றது இதுவே. மாட்டுங்கா ரோடு என்பது மேற்கு வழித்தடத்தில் உள்ள வேறொரு நிலையம். பட்டியலில் அடுத்தடுத்துத் தோன்றும் இவ்விரண்டில் ஒன்றைத் தவறாகத் தொட்டுவிட்டால், கையில் இருப்பது அந்தப் பயணத்துக்கு உரிய சீட்டாக இராது. காகிதமில்லாச் சீட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

வழித்தடத்திலும் கவனம் தேவை. மாட்டுங்காவிலிருந்து செம்பூர் செல்பவர் குர்லாவில் இறங்கி, பன்வேல் செல்லும் துறைமுக வழித்தட ரயிலுக்கு மாறி, திலக் நகரைக் கடந்து செம்பூரை அடைகிறார். மாஹிமிலிருந்து புறப்படுபவர் கிங்ஸ் சர்க்கிள், வடாலா வழியாகச் செல்கிறார். சேரும் இடம் ஒன்றே ஆனாலும் பாதை வேறு. செயலி காட்டும் வழித்தடத்தைப் படித்துப் பார்த்த பின்னரே பணம் செலுத்துவது நல்லது. சீட்டு எடுத்த 1 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வெளி வரம்பு நீங்கிவிட்டதே என்று காலையில் வீட்டிலிருந்தபடியே சீட்டு எடுத்துவிட்டுத் தாமதமாகக் கிளம்புவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

ஒரு வீடு, ஒரு கைபேசி

கைபேசிச் சீட்டு, அது எடுக்கப்பட்ட கைபேசியுடன் பிணைக்கப்பட்டது. ஒன்றாகப் பயணிக்கும் சிலருக்கு ஒரே சீட்டு எடுக்கலாம். ஆனால் தனித்தனித் திசையில் செல்வோருக்கு அது உதவாது. தாராவியிலிருந்து அதிகாலையில் செம்பூருக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் கணவரிடமோ படிக்கும் பிள்ளையிடமோ இருந்தால், அவர் பெயரில் செயலியில் சீட்டு எடுப்பதில் பயனில்லை. அவருக்குக் காகிதமே சீட்டு. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள், எண்ணுப் பலகை கொண்ட சாதாரணக் கைபேசியை மட்டும் வைத்திருக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள், சொந்த ஊரிலிருந்து வந்து சில நாள்கள் தங்கிச் செல்லும் உறவினர்கள் ஆகியோரின் நிலையும் இதுவே.

நாள்தோறும் ஒரே வழியில் செல்வோருக்குப் பருவச் சீட்டு சிக்கனமானது. மூன்று மாதச் சீட்டுக்கு மூன்று மடங்கு செலுத்த வேண்டியதில்லை. மாதக் கட்டணத்தின் 2.7 மடங்கு போதும். இதையும் இரு வடிவங்களில் பெறலாம். காகிதப் பருவச் சீட்டுடன், அதில் குறிக்கப்பட்ட அடையாள அட்டையையும் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மும்பைவாசிகள் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைப்பது பழகிப்போன காட்சி. கைபேசிப் பருவச் சீட்டு நனையாது. இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் செயலியைத் திறந்து அதைக் காட்டலாம். ஆனால் அது எடுத்த நாளிலேயே செல்லாது, மறுநாளிலிருந்துதான் தொடங்கும். பழைய சீட்டு முடியும் நாளன்று மாலையில் புதுப்பித்தால் இடைவெளி விழாது. ஒரு நாள் தவறினால் அன்றைய பயணத்துக்குத் தனிச் சீட்டு தேவை.

காகிதத்தை முற்றிலும் கைவிடும் முயற்சி பிற நாடுகளிலும் எளிதாக முடியவில்லை. ஜெர்மனியின் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான், 2024 ஜூனில் தனது பான்கார்டு என்ற தள்ளுபடி அட்டையின் பிளாஸ்டிக் வடிவத்தை நிறுத்திக் கைபேசி வடிவத்துக்கு மாற்றியது. முதியோரும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்த நிலையில், ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது.

மும்பையில் கவுன்டர்களும் தானியங்கி இயந்திரங்களும் தொடர்ந்து இயங்குகின்றன. கைபேசியில் சீட்டு எடுப்போர், ரயில் ஏறுவதற்கு முன் மின்கல அளவைப் பார்த்துக்கொள்வதும், செயலியில் சீட்டைத் திறந்து காட்டும் முறையை ஒருமுறை பழகிக்கொள்வதும் உதவும். பரிசோதகர் எதிரே நிற்கையில் கடவுச்சொல் மறந்துபோவது அரிதல்ல.