கடல் தாண்டிய அடுப்புகள் – 9: தாழம்பழம் பசியாற்றும் தீவு

நமக்குத் தாழை என்றால் பூதான். ஜடையில் வைத்துத் தைப்போம், துணிப்பெட்டியில் வாசனைக்குப் போடுவோம். கார் நிக்கோபார் தீவிலோ, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு தாழையின் பழம் தலைமுறை தலைமுறையாகப் பசியாற்றியிருக்கிறது. பலாப்பழம் போலப் பெரிதாகக் காய்க்கும் அதைச் சுளை சுளையாகப் பிரித்துப் பானையில் அடுக்கி, இலையால் மூடி, நெடுநேரம் வேகவைப்பார்கள். வெந்ததும் நாரிலிருந்து சதையைச் சுரண்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பொறுமையாகப் பொறுக்கி எடுத்துப் பிசைவார்கள். கை ஓயும் வேலை இது. மசாலா எதுவும் சேராது. கூடவே மீன், தேங்காய், கிழங்கு. பன்றிக்கறி விருந்து நாளுக்கு உரியது.

சோறு வேகும் பானைகூட அந்தத் தீவில் செய்ததில்லை. பானை வனையும் உரிமை தெற்கே இருக்கும் சௌரா தீவுக்கே என்பது நிக்கோபாரியர் காத்துவந்த வழக்கம். சௌராவுக்கு வேண்டிய மண் தெரசா தீவிலிருந்து வந்தது. கார் நிக்கோபார்க்காரர்கள் தோணியில் கடல் கடந்துபோய்ப் பானை வாங்கி வந்தார்கள். அரிசியும் அப்படித்தான், வணிகர்களின் கப்பலில் தேங்காய்க்கு மாற்றாக வந்தது. அங்கே நாணயம்போல் புழங்கியது தேங்காய். அயல் உணவு அவர்களுக்குப் புதிதல்ல. வேண்டியதை வேண்டிய அளவுக்கு வாங்கிக்கொண்டார்கள். சொந்தத் தோப்பு கையில் இருந்தது.

2004 டிசம்பர் 26 அந்தப் பிடிமானத்தைப் பறித்தது. நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்தது, ஆழிப்பேரலையில் கரையோரத் தென்னையும் தாழையும் பன்றிகளும் அழிந்தன. மூட்டை மூட்டையாக நிவாரண அரிசியும் பருப்பும் வந்து இறங்கின. அவை உயிர் காத்தன, மறுக்க முடியாது. ஆனால் நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் வளரும் குழந்தையின் நாக்கு எதற்குப் பழகும்? துஹெத் என்னும் கூட்டுக்குடும்பம் தோப்பையும் பன்றியையும் பொதுவில் வைத்து உழைத்தபோது, சமையலும் அந்த உழைப்போடு சேர்ந்தே இருந்தது. தோப்பு போனால் சமையலும் தளரும். இதுதான் என்னை வருத்துகிறது.

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தீவு எளிதில் கிடைக்காது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி வெளியாட்கள் அனுமதியின்றி இறங்கக் கூடாது. அது சரியான விதி என்பதே என் கருத்து. விருந்தாளியாக மட்டுமே உண்ணக்கூடிய உணவுகளும் உலகில் இருக்கட்டும்.

வீட்டிலிருந்தபடி அந்தச் சுவையை நெருங்க ஒரு வழி உண்டு. தை மாதச் சந்தையில் வள்ளிக்கிழங்கும் சேம்பும் வாங்கி வேகவையுங்கள். தாளிக்காமல், புளியோ மிளகாயோ சேர்க்காமல், தேங்காய்த் துருவலோடு மட்டும் உண்ணுங்கள். முதல் வாய் சப்பென்றிருக்கும். கிழங்கின் இனிப்பு அதன் பிறகுதான் தெரியும்.

ஆசிரியராகவோ அலுவலராகவோ கார் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போகும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே யாராவது சாப்பிட அழைத்தால் தவறாமல் போங்கள். இலையில் தாழம்பழம் வைத்தால் ஊறுகாய் கேட்காதீர்கள். எப்படிச் செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் காதில் விழும்படி கேளுங்கள்.