கமத்தொழிலாளர்க்குக் காப்புக் கல்வி

நம் குடாநாட்டுச் செம்மண் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிப்போர், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சினை ‘மருந்து’ என்றே வழங்குவர். நோயாளிக்கு வைத்தியர் கொடுப்பதும் மருந்து. புழுவைக் கொல்லத் தெளிப்பதும் மருந்து. ‘பீடைகொல்லி’, ‘கிருமிநாசினி’ என்னுஞ் சொற்கள் போத்தலின் சிட்டையிலே அச்சாகியிருக்கின்றன. ஆயினும் தோட்டத்து வரம்பிலே நின்று அவ்வாறு கூறுவோர் அரியர். மருந்து என்று பெயர் பெற்ற ஒன்றை வெறுங்கையாற் கலக்க எவர்தாம் அஞ்சுவர்? கூலிக்கு வருவோருக்குத் தற்காப்புப் பயிற்சி வகுக்கப் புகுவோர் முதற்கண் எடுத்துக்கொள்ள வேண்டியது இச்சொல்லையே என்பது எமது துணிபு.

இப்பயிற்சி யாருக்கு உரியது? நஞ்சு தெளிக்குந் தாங்கியை முதுகிற் சுமப்பவர் எப்பொழுதும் காணிக்காரர் அல்லர். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குத் தப்பி வடக்கே வந்த மலையகத் தமிழருட் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய ஊர்கள் அவ்வாறு எழுந்தவை. அவர்தம் வழியினருள் நிலமற்றோர் இன்றும் பிறர் வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்கு உழைக்கின்றனர். நடுகையும் அறுவடையும் எங்கு உண்டோ அங்குச் செல்வர். இவ்வாரம் பரந்தன் வயல். அடுத்த வாரம் ஆனையிறவு கடந்து உரும்பிராய்த் தோட்டம். முதலாளியும் மாறுவார், தெளிக்கும் நஞ்சும் மாறும். போத்தலைக் கண்ணாற் காணாமலே, காணிக்காரர் கலந்து கொடுத்ததைத் தெளித்துவிட்டுப் போவாரும் உளர்.

மொழி ஒன்றே ஆயினும் சொற்பொருள் ஒன்றன்று. ‘தோட்டம்’ என்றால் மலைநாட்டிற் பிறந்தவருக்குத் தேயிலைமலை. நமக்கோ கிணற்றடியிலுள்ள வெங்காயப் பாத்தி. ஆதலின் யாழ்ப்பாணத்தார் எழுதிய துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, ‘விளங்கிற்றா?’ என்று கேட்பதாற் பயனில்லை. விளங்கவில்லை என்று கூறிக் கூலியை இழக்க விரும்புவார் யார்? எல்லோருந் தலையசைப்பர். கேட்டதை அவர் வாயாலே திரும்பச் சொல்லவும், கையாலே செய்து காட்டவும் வைத்தலே தகுந்த சோதனை.

இனி, கற்பிக்க வேண்டியது யாது? நஞ்சு வாய்வழியாகவே உடலிற் புகும் என்பது பலரது எண்ணம். வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிவிட்டுச் சாரமும் வெறுங்காலுமாய்த் தெளிப்பது அதனாலேயே. தொழில் செய்வோருக்குத் தோலே பெருவாயில். அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1967 இல் ஹோர்மோன் ஒன்றை மனிதத் தோலிற் பூசி ஆராய்ந்து, முன்கையினும் தலைத்தோல் ஏறத்தாழ நான்கு மடங்கும், விதைப்பைத் தோல் நாற்பத்திரண்டு மடங்கும் உறிஞ்சுதல் கண்டனர். பரத்தியோன் என்னும் நஞ்சிலும் இவ்வேறுபாடு புலப்பட்டது. ஒழுகுந் தாங்கி முதுகை நனைத்து, அந்நீர் சாரத்தின் இடுப்புமடிப்பில் ஊறி நிற்பதன் கேடு இதனாற் புலனாகும். சேதனப் பொசுபரசு வகை நஞ்சு நரம்பின் தொழிலைக் கெடுப்பது. வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி சுருங்கும், வாந்தியுந் தசைத்துடிப்பும் தோன்றும். வெயிலிலே வேலை செய்பவர் இதனை வெயிற்களைப்பென்று எண்ணி மரநிழலிற் படுத்துவிடுதல் கூடும்.

இதனை எழுத்தறியாதவருக்கும் உணர்த்தவல்ல ஒரு முறை உண்டு. தாங்கியை நன்கு கழுவி, சலவை நீலங் கரைத்த நீரை நிரப்புக. தெளிப்பவர் பழைய வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும் உடுத்து, வழமைபோல இரண்டு பாத்திகளுக்குத் தெளித்து வருக. பின்னர் அனைவருஞ் சூழ நின்று பார்க்கட்டும். முழங்காலின்கீழ் நீலம், முதுகில் நீலம், பேணியால் அளந்து ஊற்றிய கையில் நீலம். அக்கையாலே வெற்றிலைச் சரையை எடுத்தவரின் உதட்டிலும் நீலம்! அடுத்துக் காற்றுக்குக் குறுக்கே நடந்து மீண்டும் தெளிக்கச் செய்க. இரு சட்டைகளையும் ஒரே கொடியில் தொங்கவிட்டபின் விரிவுரை வேண்டுவதில்லை. அரைமணி நேரத்தில் முடிவது இது. மண்டபத்திலே கதிரைகளை அடுக்கி, மாலையிட்டு, நன்றியுரையோடு முடியும் பயிற்சிகள் பல கண்டுள்ளோம். அவற்றிலும் இது மலிவானது.

பயிற்சியொன்றே போதுமோ எனின், போதாது. 1995 இல் இந்நாட்டில் நூறாயிரம் பேருக்கு நாற்பத்தேழு பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. அவ்வாண்டளவில் மிகக் கொடிய நஞ்சுகளும், 1998 இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. 2005 அளவில் அவ்வீதம் பாதியாயிற்று. பராகுவாற்று முதலியனவும் 2008 தொடங்கி 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. அறிவுரையாற் காக்க இயலாத உயிர்களை விலக்கு காத்தது. அவ்வாறே தோட்டத்திலும், கழுவ நீரும் சவர்க்காரமும் வையாது ‘கைகழுவுக’ என்று கற்பித்தல் பழியைக் கூலியாளின் தலையில் ஏற்றுவதேயாம். ஒழுகாத தாங்கியை வாங்க வேண்டியவர் காணிக்காரர். நம் பழைய மாணவருட் காணியுடையோர் பலர் ஆதலின் இதனை ஈண்டு அழுத்திச் சொல்லுகின்றோம். பயிற்சி நேரத்துக்கும் கூலி கொடுத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து வரும் பண்ணைத் தொழிலாளருக்கு, அவர்க்கு விளங்கும் முறையிலே ஆண்டுதோறும் பயிற்சி அளித்தல் முதலாளியின் கடமை என 2015 ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. மாறிமாறி வரும் ஆட்களுக்கு ஒருமுறைப் பயிற்சி போதாதென்பதை நாமும் கருதல் நன்று.

பெண்களை மறத்தலாகாது. ‘தெளிப்பது ஆண்கள் வேலை’ என்று அவர்களை அழையாது விடுவர். தெளித்த மறுநாள் அப்பாத்தியிற் குந்தியிருந்து களை பிடுங்குபவரும், நஞ்சூறிய சாரத்தைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்ப்பவரும் யார்? புகையிலைத் தோட்டத்தில் வேறொரு கேடும் உண்டு. பனிநீரிலே கரைந்த நிக்கொற்றீன் தோலினூடு புகுந்து தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாக்கும். இந்நோய் 1970 இல் புளோரிடாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இலையின் ஈரம் உலர்ந்தபின் வேலை தொடங்குதலே எளிய காப்பு. வயலுக்குச் செல்வோருக்கு 2024 டிசெம்பரிற் குடாநாட்டில் உயிர்கொண்ட எலிக்காய்ச்சலைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். சேற்றில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே தடுப்பு மாத்திரை கேட்டுப் பெறலாம். கண்ணாடிப் புடையனும் கட்டில்லாக் கிணறும் எவரும் அறிந்தவை.

ஒருவர் மயங்கி வீழ்ந்தால் நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவுக. வாந்தி எடுப்பிக்க முயலற்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். போத்தலையும் உடன் கொடுத்தனுப்புக. எந்நஞ்சென்று அறிந்தால் வைத்தியர் காலந் தாழ்த்தாது சிகிச்சை தொடங்கலாம். அதன்பொருட்டு, கலந்த போத்தலை அன்று மாலைவரை எறியாது, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திலே காணிக்காரர் வைத்திருக்க வேண்டும். அது வைத்துள்ள இடத்தை வேலை தொடங்குமுன் கூலியாளுக்குக் காட்டிவிடுக.