வீட்டின் சாவி யாரிடம்?

அம்மியும் உரலும் கொல்லைப்புறம் ஒதுங்கி மிக்ஸியும் கிரைண்டரும் அடுக்களைக்குள் வந்த காலத்தை நம் மூத்தோர் நன்கு அறிவர். இன்று அதற்கும் அப்பால் ஒரு படி சென்று, சொன்ன சொல்லைக் கேட்டு விளக்கெரியும் வீடுகளைக் காண்கிறோம். இணையத்தோடு பிணைக்கப்பட்டுக் கைப்பேசியால் இயங்கும் சாதனங்கள் நிறைந்த இவ்வீட்டுக்கு ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று பெயர். இது மாளிகைவாசிகளின் சங்கதி என எண்ணுவோர் மண்ணரைப் பக்கம் ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

2011-ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட மண்ணரையில், பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ஒன்றரை ஷிப்டாக இரவு எட்டரை வரை நீள்வதுண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றுவிட்டால் வீட்டில் எஞ்சுவோர் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் வயோதிகத் தாயுமே. ஆளில்லாத இக்குறையை நிரப்பவே இச்சாதனங்கள் இங்கு நுழைந்தன.

வியப்பு யாதெனில், இவ்வித்தையை நகரவாசிகளுக்கு முன்பே கையாண்டவர் நம் கொங்கு நாட்டு உழவர்களே. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும். கிணற்று மோட்டாரை ஓட்ட வேண்டுமாயின் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்க வேண்டும். பாம்புக்கும் பயம், நனைந்த சுவிட்சுக்கும் பயம். ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ இத்தொல்லையைத் தீர்த்து வைத்தது. மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை. கட்டிலில் படுத்தவாறே அவ்வெண்ணை அழைத்து மோட்டாரை ஓட்டலாம். கரண்ட் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா என்பதைத் தமிழிலேயே சொல்லும் கருவிகளும் உள. கிணறு வற்றினால் தானே நிறுத்திவிடுவதால், காயில் கருகி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கும் செலவும் குறைகிறது. சிம் அட்டைக்குப் பணம் கட்ட மறந்தாலும் பெட்டியிலுள்ள பச்சைப் பொத்தான் இருக்கவே இருக்கிறது! இதைவிடப் பொருத்தமான சாதனத்தை நாம் எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை.

மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மின்கணக்கிலும் நன்மையுண்டு. தமிழ்நாட்டில் இரு மாதத்திற்கு ஒரு முறை எடுக்கப்படும் கணக்கில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் கூடிவிடுகிறது. எந்தச் சாதனம் எவ்வளவு தின்கிறது என்பதைக் கைப்பேசியில் காட்டும் பிளக்குகள் இங்கே துணை செய்கின்றன. 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 45 யூனிட்; 30 வாட் புதுவகை விசிறிக்கோ 18 யூனிட்டே. அதே வேளையில், 5 வாட் காமிரா ஒன்று இரவும் பகலும் விழித்திருப்பதற்கு இரு மாதத்தில் ஏழு யூனிட்டுக்கு மேல் கேட்கும் என்பதையும் குடும்பத் தலைவியர் குறித்துக்கொள்வார்களாக.

காமிரா என்றோம். சிக்கல் தொடங்குமிடம் அதுவே.

செக்கிங் மேசையில் நிற்கும் தாய், தேநீர் இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து, பிள்ளை வீடு வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறாள். கண்டதும் அவள் நெஞ்சு ஆறுகிறது. இதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் வாசலைப் பார்த்த காமிரா சில மாதங்களில் கூடத்துக்கு வருகிறது. பின்னர் அறைக்குள் வருகிறது. ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் சேலை மாற்றும்போதெல்லாம் அதன்மேல் துண்டைப் போர்த்தி வைப்பார். வெளிநாட்டிலிருக்கும் மகனோ, “துண்டை எடுங்கம்மா” என்று காமிரா வழியாகவே குரல் கொடுப்பார். அன்பினால்தான் சொல்கிறார், ஐயமில்லை. எனினும் தம் சொந்த வீட்டில் மறைவிடம் தேடும் நிலைக்கு அத்தாய் தள்ளப்பட்டார் அல்லவா? மாமியார் மருமகளையும், கணவன் மனைவியையும் தொலைவிலிருந்து வேவு பார்க்க இது உதவுமாயின், திருடன் தூக்கிச் செல்லக்கூடியதைவிடப் பெரிய பொருள் அவ்வீட்டிலிருந்து போய்விடும்.

வீட்டார் மட்டுமே பார்க்கிறார்கள் என்பதும் உறுதியன்று. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில், குஜராத்தின் ராஜ்கோட்டிலுள்ள மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் காமிராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண் நோயாளிகளின் படங்கள் இணையத்தில் விலைக்கு வந்தன. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லே திருடருக்கு வழிவிட்டது. அமெரிக்காவில் ‘ரிங்’ காமிரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க இடமளிக்கப்பட்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அதே ஆண்டு, சிறுவர்களின் குரல் பதிவுகளை நெடுநாள் வைத்திருந்த குற்றச்சாட்டில் ‘அலெக்ஸா’வுக்காக அமேசான் நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

சாதனம் நம் சுவரில் இருந்தாலும் அதன் மூளை வேறொரு நாட்டில் இருப்பதால் வரும் இடர் மற்றொன்று. 2025 அக்டோபர் 20 அன்று, அமேசானின் வர்ஜீனியா கணினி நிலையங்களில் ஏற்பட்ட கோளாறால், அலெக்ஸாவை நம்பியிருந்த எண்ணற்ற வீடுகளில் விளக்குகள் சொல் கேட்க மறுத்தன. ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கருவியின் கதை இன்னும் விசித்திரம். அந்நிறுவனத்தை 2014-இல் விலைக்கு வாங்கிய ‘நெஸ்ட்’, 2016-இல் அதன் சேவையையே நிறுத்திவிட, காசு கொடுத்து வாங்கியோர் கையில் வெறும் பெட்டி எஞ்சியது. நம் உழவரின் பச்சைப் பொத்தான் அதில் இல்லை.

சட்டம் காக்காதா எனலாம். சந்தைக்கு வரும் கண்காணிப்புக் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, நல்லதே. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023-இல் இயற்றப்பட்ட சட்டமோ, ஒருவர் தம் சொந்த, குடும்பத் தேவைக்குக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது என விலக்களிக்கிறது. ஆகவே மேற்சொன்ன மூதாட்டிக்கு அச்சட்டத்தில் புகலிடமில்லை. அதனை அவர் மகனே தர வேண்டும்: காமிராவை வாசற்கதவின் பக்கம் திருப்பி வைப்பதற்கு ஒரு திருப்புளி போதும்.

இனி, கணக்கு யார் பெயரில் என்பதைப் பாருங்கள். காமிரா மாட்ட வரும் இளைஞர் அவசரத்தில் தம் கைப்பேசி எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவதுண்டு; அவர் போன பின்னும் உங்கள் கூடம் அவர் கைக்குள் இருக்கும். எனவே உங்கள் எண்ணில் கணக்கைத் தொடங்கச் செய்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். சில வீடுகளில் கணவர் ஒருவரிடமே எல்லாம் இருக்கும்; அவர் வெளியூரில் இருக்கையில் கருவி பழுதானால் மனைவி தன் வீட்டு விளக்கைப் போடவே தொலைபேச வேண்டியதாகிறது! கணக்கில் மனைவியின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். சுவரிலுள்ள பழைய சுவிட்சை எக்காரணம் கொண்டும் எடுக்க விடாதீர்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்வோர் காமிராவைச் சுவரிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது. கைப்பேசியிலுள்ள கணக்கிலிருந்தும் அதை நீக்க வேண்டும். பழையதை விற்பதாயின், உள்ளிருக்கும் நகத்தளவு நினைவட்டையை மறவாமல் உருவிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வளர்ந்த நாள்கள் பலவும் அதில் பதிந்திருக்கும்.