துப்பாக்கிக்கு ஓர் இருகால் தாங்கி

துப்பாக்கியைக் கையில் ஏந்திக் குறிபார்ப்பவன் எவ்வளவு வலியவனாயினும் அவனுடைய உடல் ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை. இதயம் துடிக்கிறது, மூச்சினால் மார்பு எழுந்து தாழ்கிறது, பளுவைத் தாங்கும் தசைகள் மெல்ல நடுங்குகின்றன. இவ்வசைவு மிகச் சிறியதாயினும் அதன் விளைவு சிறியதன்று. துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் பதிந்திருக்கும் இடத்திற்கும் முன்கட்டையை ஏந்தும் கைக்கும் இடையே 70 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். அந்தக் கை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கில் குறி சுமார் 14 சென்டிமீட்டர் விலகிவிடும். வடிவொத்த முக்கோணங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். அந்த ஒரு மில்லிமீட்டரை அடக்குவதற்காகவே தாங்கிகள் தோன்றின.

பழைய நாளில் தாங்கி என்பது தனிப்பட்ட சாதனமாக இருந்ததில்லை. கவைக்கொம்பு, கரையான் புற்று, பரணின் குறுக்குக் கட்டை, தக்காணத்தில் எங்கும் கிடக்கும் கருங்கற் பாறை ஆகியவையே அப்பணியைச் செய்தன. ஹைதராபாத் சமஸ்தானம் வேட்டைக்குப் பெயர்பெற்றது. 1869 முதல் 1911 வரை நிஜாமாக விளங்கிய மஹபூப் அலி கான் புலிவேட்டையில் வல்லவர் எனப் புகழப்பட்டவர். 1902ஆம் ஆண்டில் வாரங்கல் பகுதியிலுள்ள நெக்கொண்டாவில் ராஜப் பிரதிநிதி கர்சான் பிரபு தாம் சுட்ட புலியுடன் நிற்கும் படத்தை அச்சமஸ்தானத்தின் புகைப்படக் கலைஞர் லாலா தீன்தயாள் எடுத்திருக்கிறார். ‘பைபாட்’ என வழங்கும் இருகால் தாங்கியோ இராணுவத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியத் துருப்புகள் ஏந்திய பிரென் துப்பாக்கியின் குழலடியில் மடங்கி விரியும் இரண்டு கால்களைப் பார்த்தவர்களுக்கு அதனை விளக்கவேண்டுவதில்லை.

இன்று வேட்டைக்காரனுக்குத் தாங்கி தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டிய நிலைமை நம் நாட்டில் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. எனவே இச்சாதனத்தைப் பற்றி அறிய வேண்டியவர்கள் இருவகையினர்: இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டோர் ஒருவகை, மயக்க மருந்துத் துப்பாக்கியுடன் சிறுத்தைக்கும் யானைக்கும் எதிரே நிற்க நேரிடும் வனத்துறை ஊழியர் மற்றொரு வகை. முன்னவருக்கு ஏற்றது பின்னவருக்கு ஏற்காது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம்.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஆயினும் அதில் தாங்கி எதுவும் அனுமதிக்கப்படுவதில்லை, நின்றபடியே சுடவேண்டும். 50 மீட்டர் போட்டியில் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் சுடும்போது தோள்வார் ஒன்றுக்கு மட்டும் இடமுண்டு. படுத்துச் சுடுபவரின் முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்கவேண்டும் என்றும் விதி கூறுகிறது. அதாவது இங்கே எலும்பே தாங்கி. தசையால் ஏந்தாமல் எலும்பின்மேல் பளுவை நிறுத்தப் பழகுவதுதான் அப்பயிற்சியின் சாரம். தம் மாணவர் ஒருவர் இவ்விளையாட்டில் ஆர்வம் காட்டினால், தாங்கி வாங்கித் தர வேண்டுமோ என்று ஆசிரியர் கவலைப்பட வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது கெடுதலே செய்யும். கைவலு குறைந்த மாற்றுத்திறனாளர்களுக்கு வகுக்கப்பட்ட பிரிவில் மட்டும் சுருள்வில் பொருத்திய நிலைத்தாங்கி விதிப்படியே அனுமதிக்கப்படுகிறது.

இருகால் தாங்கிக்கு உரிய போட்டி வேறு. கானடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்குஹர்சன் என்பவரின் பெயரால் ‘எஃப் கிளாஸ்’ என வழங்கும் நெடுந்தூரப் போட்டியில், ஒரு பிரிவினர் இருகால் தாங்கியின்மேல் துப்பாக்கியை நிறுத்திப் படுத்தபடி 1,000 கெஜம் வரை சுடுகின்றனர். தாங்கியும் சேர்ந்து துப்பாக்கியின் எடை 8.25 கிலோவுக்கு மேற்படக்கூடாது. ஆகவே தாங்கியின் ஒவ்வொரு கிராமும் துப்பாக்கியிலிருந்து கழிக்கப்படும் கிராமாகும்.

உயரம் முதலில்

தாங்கி வாங்குவோர் பெரும்பாலும் உலோகத்தின் பளபளப்பையும் விலையையும் பார்க்கின்றனர். முதலிற் பார்க்கவேண்டியது கால்களின் உயரத்தை. கடைகளில் கிடைப்பவை ஏறக்குறைய மூன்று அளவினவாக உள்ளன. 6 முதல் 9 அங்குலம் வரை நீளும் குட்டையான கால்கள் மேசைமேல் வைத்துச் சுடுவதற்கும் சமதரையில் படுத்துச் சுடுவதற்கும் பொருந்தும். 9 முதல் 13 அங்குலம் வரையுள்ளவை மேடுபள்ளமான தரையில் படுப்பவருக்கு உரியவை. 13 அங்குலத்திலிருந்து 27 அங்குலம் வரை நீள்பவை உட்கார்ந்து சுடுபவருக்காகச் செய்யப்பட்டவை. நீண்ட கால் எல்லாவற்றுக்கும் பயன்படுமே என்று எண்ணுதல் தவறு. கால் நீள நீள அது வளைந்து கொடுக்கும். உறுதியே தாங்கியின் பயன் என்றால், தேவைக்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலமும் நட்டம்.

இரண்டாவதாக, சாய்வைச் சரிசெய்யும் அமைப்பு. சமமற்ற தரையில் இரு கால்களையும் ஊன்றினால் துப்பாக்கி ஒருபக்கமாகச் சாயும். குறிபார்க்கும் கருவி குழலுக்கு நேர்மேலே இல்லாமல் பக்கவாட்டில் சரிந்துவிடும். இதனால் விளையும் பிழையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 மீட்டர் தூரத்தைக் குண்டு 0.4 வினாடியில் கடப்பதாகக் கொண்டால், அதற்குள் புவியீர்ப்பினால் அது சுமார் 78 சென்டிமீட்டர் விழுகிறது. இவ்வீழ்ச்சிக்கு ஈடாகக் குழலை அவ்வளவு உயர்த்தியே குறி அமைத்திருக்கிறோம். துப்பாக்கி 5 பாகை சாய்ந்தால் அவ்வுயர்த்தலின் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடும். 78ஐ 5 பாகையின் சைன் மதிப்பாகிய 0.087ஆல் பெருக்க, ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வரும். சாய்ந்த பக்கமாகக் குண்டு அவ்வளவு விலகும். 5 பாகை என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத சாய்வு. ஆதலால் தலைப்பகுதி இடம்வலமாகச் சற்றே சாய்ந்து, திருகினால் இறுகும் வகையையே தெரிந்தெடுக்க வேண்டும். கால்களைத் தனித்தனியே நீட்டக் கூடியதாகவும் அது இருக்கவேண்டும்.

தாங்கி எங்கே பொருத்தப்படுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. முன்கட்டையில் பொருத்துவதே முறை. குழலிலேயே பொருத்தினால் சுமை குழலை வளைக்கும், அதிர்வும் மாறும். முடுக்கிய பின் கையால் அசைத்துப் பார்த்து, மூட்டுகளில் தளர்ச்சி இருந்தால், விலை எதுவாயினும் அதைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

இனிப் பலரும் அறியாத ஒன்று. குண்டு குழலை விட்டு வெளியேறிய பிறகே துப்பாக்கி பின்னடிக்கிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் குண்டு நகரத் தொடங்கிய கணமே துப்பாக்கியும் பின்னோக்கி நகர்கிறது. உந்தம் மாறாமை விதி வேறெவ்வாறும் நிகழ விடாது. 4 கிலோ எடையுள்ள துப்பாக்கியின் 60 சென்டிமீட்டர் குழலில் 9.5 கிராம் குண்டும் உடன் தள்ளப்படும் வாயுவும் செல்லும்போது, குண்டு வாய்க்கு வருவதற்குள் துப்பாக்கி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பின்சென்றுவிடும். தாங்கியின் பாதங்கள் எதன்மேல் ஊன்றியுள்ளனவோ, அது இச்சிறு நகர்வை ஏற்கும் விதம் குண்டின் போக்கை மாற்றிவிடுகிறது. சிமெண்டுத் தளத்தில் பாதம் துள்ளும், மணலில் புதையும், புல்தரையில் இழுபடும். மேசைமேல் சரியாக அமைத்த குறி பாறைமேல் தவறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கடினமான தளத்தில் ஒரு தடித்த சாக்கையோ ரப்பர் விரிப்பையோ இடலாம். ஒவ்வொரு முறையும் தோளால் ஒரே அளவாகத் தாங்கியை முன்தள்ளிப் பிடிப்பதும் வேண்டும். புதிய தாங்கி வாங்கியவர் மண், புல், சிமெண்டு ஆகிய மூன்றின்மேலும் ஐந்தைந்து குண்டுகள் சுட்டு, மூன்று தொகுதிகளின் மையங்களும் எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

வனத்துறையில்

மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக்கூட, அதைப் பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் தெளிந்தாலன்றிக் கொல்ல உத்தரவிட முடியாது என்பது சட்டம். எனவே முதலில் எடுக்கப்படுவது மயக்க ஊசித் துப்பாக்கியே. 2020 மே மாதத்தில் ஹைதராபாத்தின் மயிலார்தேவ்பள்ளிப் பகுதியில் சாலையிலேயே ஒரு சிறுத்தை படுத்திருந்ததைப் பலர் படங்களில் பார்த்திருப்பார்கள். அத்தகைய இடத்தில் சுற்றிலும் கூட்டம். விலங்கு எந்நேரமும் எழுந்து ஓடக்கூடும். குப்புறப் படுத்து இருகால் தாங்கியை விரித்துக்கொண்டிருக்க எவருக்கும் அவகாசம் இராது. அது பாதுகாப்பும் அன்று. மழைக்குப் பின் அம்ராபாத் காட்டில் இடுப்பளவு வளரும் புல்லுக்குப் பின்னால் படுத்தவருக்கு எதுவுமே தெரியாது.

மேலும் ஊசியின் இயல்பு குண்டினின்றும் வேறுபட்டது. அது வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், காற்றின் தடை இல்லையென்றும் கொள்வோம். 30 மீட்டரைக் கடக்க அரை வினாடி ஆகிறது. அதற்குள் 122 சென்டிமீட்டர் விழுகிறது. 30 மீட்டருக்கெனக் குறி அமைத்தபின் விலங்கு உண்மையில் 35 மீட்டரில் நின்றால், ஊசி குறிக்குக் கீழே சுமார் 24 சென்டிமீட்டரில் படும். தொடையின் சதையை நாடியது காலெலும்பைத் தாக்கலாம். கை 2 மில்லிமீட்டர் நடுங்கினால் அதே 30 மீட்டரில் உண்டாகும் பிழையோ 9 சென்டிமீட்டர்தான். நடுக்கத்தைவிடத் தூரத்தைத் தவறாகக் கணிப்பதே பெருங்கேடு. ஒரு வனச்சரகத்துக்கு ஒரே ஒரு சாதனம் வாங்கப் பணம் இருந்தால், தாங்கிக்கு முன் தூரமானியை வாங்கவேண்டும் என்பது என் கருத்து. சிறுத்தையைப் பொறுத்தவரை, காத்திருக்க முடிந்தால் கூண்டே மேல். 2024இல் ஷம்ஷாபாத் விமான நிலையத்தருகே திரிந்த சிறுத்தை கூண்டில்தான் அகப்பட்டது.

தாங்கி வேண்டுமாயின், நின்றோ மண்டியிட்டோ பயன்படுத்தக் கூடியதாக, தலையில் கவை பொருத்திய மூன்றுகால் கோலோ ஒற்றைக் கோலோ கொள்ளலாம். காட்டிலேயே நல்ல மூங்கில் கிடைக்கும்போது இதற்குப் பெரும்பொருள் செலவிடத் தேவையில்லை. கவையின் உட்புறத்தில் பழைய டயர்க் குழாயின் ரப்பரைச் சுற்றிவிட்டால் துப்பாக்கி வழுக்காது, ஓசையும் எழாது. ஜீப்பின் கதவிலிருந்து ஊசி செலுத்துவோருக்குத் துணிப்பையே சிறந்த தாங்கி. என்ஜினை மட்டும் நிறுத்திவிட வேண்டும். இயங்கும் என்ஜினின் அதிர்ச்சி பையைக் கடந்தும் வரும். பையை மணலால் நிரப்பினால் தூக்கித் திரிவது சிரமம் என்று சிலர் அரிசியையோ கொண்டைக்கடலையையோ நிரப்புகின்றனர். எடை குறைவதென்னவோ உண்மைதான். ஆனால் ஆடி ஆவணி மழையில் நனைந்த கடலை மூன்றே நாளில் முளைவிட்டு நாறத் தொடங்கும்; எலிகளும் தேடி வரும்.