மதிலும் கடைத்தெருவும் – 7: சந்தைக்குப் பின்னால் வந்த கோட்டை

1588இல் போர்த்துக்கேயர் தொடங்கிய காலிக் கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கதை போன கிழமையோடு முடிந்தது. இந்தக் கிழமை மாத்தளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். குறுக்கே ஒரு கல் வந்து நிற்கிறது.

1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த பலகைக்கல் அகப்பட்டது. புரட்டினால் சீனம், தமிழ், பாரசீகம். 1409 என்று தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பேரிலும் காணிக்கை வைக்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. எந்தச் சாமிக்கும் மனக்குறை வந்துவிடக்கூடாதென்று தராசில் நிறுத்த மாதிரி. அதைவிட ருசியானது, கல்லை நான்கிங்கிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றியது. இந்தக் கரையில் யார் யார் வாசிப்பார்கள் என்பது அவ்வளவு தூரத்திலேயே தெரிந்திருக்கிறது. கல் முதலில் தேவேந்திரமுனையில் நின்றிருக்கலாம், காலிக்கு அதைச் சாட்சியாக்க முடியாது என்று மறுக்கலாம். சரி, கல்லை விடுவோம். 1344இல் இவ்வழியே போன இபுன் பதூதா, காலியைச் சிற்றூர் என்கிறார். அங்கே தமக்கு விருந்து வைத்தவர் இப்ராகீம் என்ற மாலுமி என்றும் எழுதுகிறார். மதிலுக்கு இன்னும் இருநூறு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. ஆக, வியாபாரத்தைக் கோட்டை உண்டாக்கவில்லை. இருந்த வியாபாரத்தை வளைத்துப் பிடிக்கத்தான் கோட்டை வந்தது.

மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் கோட்டைக்குள்தானே இருக்கிறது, மதில்தானே அதைக் காத்தது என்பார்கள். அந்தப் பள்ளி 1904இல் எழுந்தது. அதற்குள் மதிலுக்குச் சண்டை வேலை எதுவும் மிச்சமில்லை. இரட்டைக் கோபுரமும் வெள்ளை முகப்புமாகத் தூரத்துக்குத் தேவாலயம் போலத் தெரிவதால், பழைய தேவாலயத்தை மாற்றியது என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி ஒரு கதை தேவையில்லை. அக்காலக் காலிக் கொத்தனார்களுக்குக் கைவந்த பாணி அது. மதிலுக்குச் சண்டை வேலை இருந்த காலத்தில் நடந்ததோ வேறு. போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களைத் துரத்த, 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்துப் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்.

சந்தையைக் கோட்டை உண்டாக்குவதில்லை என்பதற்கு மாத்தளையும் சாட்சி. 1803இல் ஆங்கிலேயர் இங்கே மக்டோவல் கோட்டையைக் கட்டினார்கள்; அதே வருடம் விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு ஓடினார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாசலும் கொஞ்சச் சுவரும், உள்ளே கல்லறைகள். கொங்காவெலவில் முஸ்லிம் கடைகளும் மிளகு, கராம்பு, ஏலக்காய் வியாபாரமும் மதில் இல்லாமலே நடக்கின்றன. மலைநாட்டுச் சந்தைக்குக் காவல் மலையும் காடும்தான், அது வேறு கணக்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் சரக்கு அந்தக் காட்டைத் தாண்டித்தானே வந்து போனது? உப்பும் கருவாடும் மேலே ஏற, பாக்கு கீழே இறங்கிய பொதிமாட்டுப் பாதையை இம்முறை தொடவே முடியவில்லை. வேறு கல் எதுவும் அகப்படாவிட்டால், வரும் கிழமை மாத்தளைப் பக்கத்து நாலந்தாவிலிருந்து தொடங்கலாம்.