மேக்னம் வேட்டைத் தோட்டாக்களின் எறியியல்

மேக்னம் வேட்டைத் தோட்டா என்பது, அதே விட்டமுடைய வழமையான தோட்டாவைக் காட்டிலும் மிகுதியான வெடிமருந்தைக் கொண்டு, குண்டைக் கூடுதல் வேகத்தில் செலுத்தும் புரிதுப்பாக்கித் தோட்டா ஆகும். இச்சொல் பெரிய மதுப்புட்டியைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. குழலை விட்டு நீங்கிய குண்டு எவ்வளவு தாழ்கிறது, எவ்வளவு ஆற்றலை இழக்கிறது, காற்றினால் எவ்வளவு விலகுகிறது என்பனவற்றை ஆராய்வது புற எறியியல் ஆகும்.

கல்வராயன் மலையும் துப்பாக்கிகளும்

கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள கல்வராயன் மலையில் மேக்னம் துப்பாக்கி வழக்கில் இருந்ததில்லை. அங்கு அறியப்பட்டது, குழல்வாய் வழியே கரிமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே. அதன் குழலில் புரிகள் இல்லை. எனவே குண்டு சுழல்வதில்லை. உருண்டை வடிவம் காற்றுத்தடைக்கு மிகவும் உட்படுவதால், 100 மீட்டருக்குள்ளேயே வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். அண்மையில் நிற்கும் விலங்குக்கு மட்டுமே அது பயன்படும். தொலைவிலிருந்து சுட்டால் விலங்கு காயத்துடன் ஓடிவிடும்.

பழைய சேலம் மாவட்டக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பயன்படுத்தியது .405 வின்செஸ்டர். 1904-இல் வெளிவந்த இத்தோட்டா மேக்னம் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் ஒப்பீட்டுக்கு நன்கு உதவும். இந்தியாவில் உரிமம் பெற்றோர் பலரிடம் உள்ளது இச்சாப்பூரில் செய்யப்படும் .315 துப்பாக்கி. படைத்துறைத் தோட்டாவான .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் எழுந்த மாற்று இது. எறியியல் நோக்கில் பார்த்தால், இதன் தேர்வில் சட்டத்தின் பங்கே பெரிது எனலாம்.

ஒப்பீடு

.405 வின்செஸ்டர் 19.4 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. 1912-இல் வந்த .375 ஆலந்து ஆலந்து மேக்னம் அதே எடையுள்ள குண்டுக்கு 770 மீட்டர் வேகம் தருகிறது. 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், 11.7 கிராம் குண்டை 900 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. தொடக்க ஆற்றல் முறையே 4,350, 5,750, 4,700 ஜூல் அளவாகும்.

தொலைவு கூடும்போது இவ்வரிசை மாறுகிறது. 274 மீட்டரை (300 கசம்) கடக்க .300 குண்டுக்கு 0.34 நொடியும் .405 குண்டுக்கு 0.52 நொடியும் ஆகும். இந்நேரம் முழுவதும் புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுக்கிறது. ஆகவே குழலின் நேர்கோட்டிலிருந்து .300 அரை மீட்டருக்குச் சற்று மிகுதியாகவும், .375 முக்கால் மீட்டர் அளவும், .405 ஒரு மீட்டருக்கு மேலும் தாழ்கின்றன. .300 தன் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தக்கவைக்கிறது; .405-க்கு மிஞ்சுவது 40 விழுக்காடே. மணிக்கு 16 கி.மீ. வேகமுள்ள குறுக்குக் காற்றில் முன்னது 16 செ.மீ. அளவே விலக, பின்னது அரை மீட்டர் விலகும். எடை மிகுந்த குண்டு காற்றில் குறைவாக விலகும் என்பது பரவலான தவறான கருத்து. கூர்முனையும் நீண்ட வடிவமுமே இங்கு முதன்மையானவை.

மலைச்சரிவின் விளைவு

கடல் மட்டத்தைவிட 800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. காற்றுத்தடையும் அவ்வாறே குறையும். இவ்வேறுபாடு சிறிதே. சரிவின் கோணம் அதைவிடப் பெரிய விளைவைத் தரும். 30 பாகைச் சரிவில் 274 மீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்குக் கிடைத்தளத் தொலைவு 237 மீட்டர் மட்டுமே. குண்டின் தாழ்வை ஏறத்தாழ அத்தொலைவுக்கே கணக்கிடவேண்டும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு எதிர்பார்த்ததைவிட உயரவே படும்.

இலக்கைத் தவறிய குண்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. உயர்த்திச் சுடப்பட்ட மேக்னம் குண்டு 4 கி.மீ.க்கு அப்பாலும் விழக்கூடும். மலையடிவாரத்தில் ஊர்களும் வயல்களும் இருக்கையில், இலக்கின் பின்னே மண்மேடு உள்ளதா என்பதே சுடுபவர் முதலில் பார்க்கவேண்டியது.

சட்டநிலை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொழுதுபோக்கு வேட்டை உரிமங்கள் முடிவுக்கு வந்தன. பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் எனத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்தது. இவ்விலக்குகள் வயல்களின் நடுவே, குறைந்த தொலைவில் உள்ளவை. மேக்னம் தோட்டாவின் நெடுந்தொலைவுத் திறன் இப்பணிக்குத் தேவைப்படுவதில்லை.