காற்றும் பிரியவில்லை என்றால்

சென்ற வாரம் மலச்சிக்கலோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் குடலடைப்பு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பினாங்குக் கடைத்தெருவில் ஒருவர் ‘வயிறு உப்பிக்கிடக்கிறது, வெளிக்குப் போகவில்லை’ என்றால், ‘எத்தனை நாளாச்சு?’ என்பதுதான் முதல் கேள்வி. பிறகு விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடும் கை என்று யோசனைகள் வரிசையாக வரும். சாதாரண மலச்சிக்கலில் இவற்றால் பெரிய கெடுதல் வராமல் போகலாம். அடைப்பில் மூன்றுமே ஆபத்து. அதனால் முதல் கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறேன்: காற்றுப் பிரிகிறதா, வாந்தி வருகிறதா?

காரணம் குடலின் வேலையில் இருக்கிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தம், குடல் நீர் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் திரவம் குடலுக்குள் சுரக்கிறது. அதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நடுவில் வழி அடைபட்டால் அத்தனையும் அடைப்புக்கு மேலே தேங்கும். குடல் விடாமல் தள்ளிப் பார்க்கும். அதனால்தான் வலி அலை அலையாய் வந்து முறுக்கிவிட்டுத் தணிகிறது. முதலில் தின்றது வாந்தியாகும், பிறகு பச்சையாய்ப் பித்தம், முற்றினால் மலநாற்றத்தோடு பழுப்பு நீர். அடைப்பு மேற்குடலில் என்றால் வாந்தி முந்தும். பெருங்குடலில் என்றால் உப்பல் முந்தும், வாந்தி தாமதமாகத்தான் வரும். இந்த நிலையில் பேதி மருந்து கொடுப்பது, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும் வண்டிமாட்டைச் சாட்டையால் அடிப்பதற்குச் சமம். குடல் முறுக்கிக்கொண்டோ இறுகிக்கொண்டோ ரத்த ஓட்டம் நின்றுவிட்டால், சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும்.

அடைப்பது எது? பழைய அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுக்குள் உருவாகும் ஒட்டுத்தசைகளே சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணம். பெருங்குடலில் முதல் சந்தேகம் புற்றுநோய் மீது. மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல்-மலக்குடல் புற்றுநோய்க்கு இரண்டாமிடம். மூன்றாவது குடலிறக்கம். துறைமுக ஊரில் இதைத் தாண்டிப் போக முடியாது. கொள்கலன்கள் வருவதற்கு முன் பினாங்கின் வெல்ட் கீ படகுத்துறையில் தொங்கான் படகுகளிலிருந்து மூட்டைகளை இறக்கியது மனித முதுகு. பாரம் தூக்குவது மட்டுமே குடலிறக்கத்தை உண்டாக்குகிறதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வயிற்றுச் சுவரில் பலவீனம் இருந்தால், முக்கித் தூக்குவதும் ஓயாத இருமலும் அதை வெளியே தள்ளும். அரையில் எலுமிச்சை அளவு புடைப்பு. மல்லாந்து படுத்து உள்ளங்கையால் அமுக்கினால் உள்ளே போய்விடும். வருஷக்கணக்காக இப்படியே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அது உள்ளே போகாது. கல்லாய் இறுகி, தொட்டாலே வலிக்கும். அன்றைக்கு அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

‘காலையில் கொஞ்சம் போனதே’ என்பார்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது வெளியேறியிருக்கலாம். அதை வைத்து வழி திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ‘வலி நின்றுவிட்டதே’ என்பது இதைவிடப் பொல்லாதது: உப்பல் குறையாமல் வலி மட்டும் அடங்கினால், குடல் ஓய்ந்துவிட்டது என்று பொருளாகலாம். ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஓட வேண்டாம். விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, உப்பல், காற்றும் பிரியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். வலி விடாமல் ஒரே சீராய் நீடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. உண்மையில் பலரைத் தடுப்பது கத்தி பயம். ஆனால் ஒட்டுத்தசையால் வரும் அடைப்பில் கணிசமானவை, மூக்குவழிக் குழாயால் தேங்கியதை வெளியேற்றி, நரம்பில் நீரேற்றி, கண்காணிப்பில் வைத்திருந்தாலே விலகிவிடும். கத்திக்குப் பயப்படுகிறவர்தான் முதலில் கிளம்ப வேண்டும்.

கைக்குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். குழந்தை காலை வயிற்றோடு மடக்கி விட்டுவிட்டு வீறிடும். பிறகு ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும். அதைக் குடலேற்றம், தொக்கம் என்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

தீவில் இருப்பவர்களுக்கு ஜாலான் ரெசிடென்சியில் பினாங்கு மருத்துவமனை, அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு 999. போகும் வழியில் ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.